மழைக்காலத்தில் பால்கனிப் பூச்செடிகள்: வேலூரில் நாம் செய்யும் தவறுகள்

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய செடி, ஐப்பசி அடைமழையில் பத்தே நாளில் செத்துப்போகும். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பால்கனியில் இரண்டு ரோஜாச் செடிகள் எனக்கு அப்படித்தான் போயின. இலை தொங்கியதும் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகி, தொட்டாலே தோல் உரிந்து, கெட்ட நாற்றம்.

வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் தொட்டி முழுக்க ஈரம் இருந்தும் இலை வாடும். காய்ந்த செடியும் இப்படித்தான் வாடும் என்பதால்தான் ஏமாந்துபோகிறோம். ஆகவே வாட்டத்தைப் பார்த்ததும் சொம்பைத் தூக்காதீர்கள். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீரே வேண்டாம்.

சரி, மழை பெய்கிறதே, தண்ணீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்திவிடலாமா? அதுவும் தவறுதான். பால்கனிக்கு மேலே கூரை இருக்கிறது, சாரல் அடிக்கும் பக்கம்தான் நனையும், சுவரோரத் தொட்டி வாரம் முழுக்க மழை பெய்தாலும் காய்ந்தே கிடக்கும். நம் ஊருக்கு இரண்டு மழை. ஆடி, ஆவணியில் பகலெல்லாம் வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடியோடு கொட்டும் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றோடு நாள் கணக்கில் பிடித்துக்கொள்ளும் மழை வேறு. உங்கள் பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதைப் பொறுத்து நனைகிற தொட்டி மாறும். ஆடி மழையில் மறுநாள் வெயில் ஈரத்தை உலர்த்திவிடும், ஐப்பசியில் அப்படி நடக்காது. டேபிள் ரோஸ், பாலைவன ரோஜா, காகிதப்பூ போல வறட்சி தாங்கும் செடிகளை அப்போது உள்பக்கம், ஆனால் வெளிச்சம் படுகிற இடத்துக்கு நகர்த்துங்கள். செம்பருத்தியும் இட்லிப்பூவும் மழையை ஓரளவு தாங்கும், தண்ணீர் வடிந்தால் போதும்.

அந்த வடிகால்தான் பாதிப் பிரச்சினை. தொட்டியைத் தரையோடு ஒட்டி வைத்தால் அடித்துளை அடைபடும், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழைக்கு முன்பே ஒரு குச்சியால் துளையைக் குத்திப் பாருங்கள், வேர் வந்து அடைத்திருக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை மழைக்காலம் முழுக்க எடுத்துவிடுவது நல்லது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டில் நிற்கும் கொஞ்சத் தண்ணீரிலேயே முட்டையிட்டு, ஏழெட்டு நாளில் முழுக் கொசுவாகிப் பறந்துவிடும். அப்புறம் இந்தத் தள்ளுவண்டி ரோஜா. பிசுபிசுப்பான களிமண் உருண்டையோடு வரும், அதை அப்படியே தொட்டியில் இறக்கினால் மழையில் அந்த உருண்டை மட்டும் சேறாகவே இருக்கும். ஓரங்களை மெதுவாக உதிர்த்துவிட்டு, செம்மண்ணோடு மணலும் மண்புழு உரமும் கலந்து நடுங்கள். தேங்காய் நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும், கோடைக்கு அருமை, மழைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மல்லி பூக்கவில்லை என்று கார்த்திகையில் உரத்தைக் கொட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. குண்டுமல்லிக்குப் பருவமே பங்குனியிலிருந்து ஆடி வரைதான், நவம்பர் கடைசியில் கிளையை வெட்டிவிட்டு அடுத்த கோடைக்குக் காத்திருக்க வேண்டிய செடி அது. இப்போது போடும் உரம் மழைத்தண்ணீரோடு கீழ்வீட்டுச் சுவரில்தான் வழியும். புளித்த கடலைப்புண்ணாக்குத் தண்ணீரையும் அடைமழை நாட்களில் தள்ளிவையுங்கள், ஈர மண்ணில் புழுவும் பூஞ்சையும்தான் சேரும். மழைக்காலத்தில் பூ வேண்டுமென்றால் டிசம்பர் பூ வையுங்கள், அதற்கு அதுதான் காலம்.

ரோஜா இலையில் கறுப்புப் புள்ளி வந்து மஞ்சளாகி உதிர்ந்தால் அது பூஞ்சை. இலை மணிக்கணக்கில் ஈரமாகவே இருப்பதால் வருகிறது. தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள், உதிர்ந்த இலையை அன்றன்றே பொறுக்கி வெளியே போடுங்கள், அதே தொட்டியில் மட்க விடவே கூடாது. சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கலந்து, மழை விட்ட சாயங்காலத்தில் தெளிக்கலாம். மேகம் கறுத்து நிற்கும்போது தெளித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போகும். அடைமழையில் ரோஜாவை வெட்டவும் வேண்டாம், வெட்டிய நுனியிலிருந்து கிளை கறுத்துக் காய்ந்துகொண்டே இறங்கும், நாலு நாள் வெயில் வரட்டும்.

கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும், புயல் காற்றில் அது விழுந்தால் கீழே நடப்பவர் தலைதான்.

சாமந்தி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். பால்கனி விளக்கை ராத்திரி முழுக்க எரிய விட்டால், செடிக்கு அது பகல்தான். இலை தளதளவென்று இருக்கும், மொட்டு மட்டும் வராது. உரத்தை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மாதம் விளக்கை அணைத்துப் பாருங்கள்.