உயிரியல் மாணவர்களுக்கு நுண்கணிதம்: முதல் சில வாரங்களை நடத்துவது எப்படி?

உயிர் அறிவியல் படிக்க வந்தவர்களுக்கு முதல் முறையாக நுண்கணிதம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த விளக்கம் உங்களுக்குத்தான்.

நான் இந்த வகுப்பை முதலில் எடுத்தபோது எல்லையின் வரையறையிலிருந்து தொடங்கினேன். கணிதத் துறையில் அப்படித்தான் நடத்திப் பழக்கம். மூன்றாம் வாரம் ஒரு மாணவி வந்து, "விதிகள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனால் எதைக் கண்டுபிடிக்கிறேன் என்றுதான் தெரியவில்லை" என்றார். அவர் கணக்குகளை எல்லாம் சரியாகவே போட்டிருந்தார். அதன் பிறகு பாடத்தின் வரிசையையே மாற்றிவிட்டேன். இப்போது முதலில் அட்டவணை, அப்புறம் அலகு, கடைசியில்தான் வாய்பாடு.

படி 1: ஓர் அட்டவணையைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்

நல்ல ஊட்டமும் ஏற்ற வெப்பநிலையும் இருந்தால் ஈ.கோலை பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மாணவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த செய்தி. கரும்பலகையில் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்:

0 நிமிடம்: 100 செல்கள்
20 நிமிடம்: 200
40 நிமிடம்: 400
60 நிமிடம்: 800

கேள்வி ஒன்றே ஒன்று: "சரியாக 40ஆவது நிமிடத்தில் இந்தக் கூட்டம் எவ்வளவு வேகமாக வளர்கிறது?"

சிலர் 20 முதல் 40 வரை பார்த்து நிமிடத்துக்கு 10 செல்கள் என்பார்கள். சிலர் 40 முதல் 60 வரை பார்த்து 20 செல்கள் என்பார்கள். இரண்டில் எது சரி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே வாதாடட்டும். உண்மையான விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும் என்று வகுப்பில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அந்த இடத்துக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

படி 2: இடைவெளியைச் சுருக்குங்கள்

இப்போது கால்குலேட்டரை எடுக்கச் சொல்லுங்கள். 40ஆவது நிமிடத்திலிருந்து தொடங்கி இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

20 நிமிட இடைவெளி: நிமிடத்துக்கு 20 செல்கள்
10 நிமிட இடைவெளி: 16.6
1 நிமிட இடைவெளி: 14.1
0.1 நிமிட இடைவெளி: 13.9

எண்கள் ஏதோ ஓர் இடத்தை நோக்கிப் போகின்றன என்பது யார் கண்ணுக்கும் தெரியும். அந்த இடம் 13.86. "எல்லை" என்ற சொல்லை முதன்முதலாக இங்கேதான் உச்சரிக்கிறேன். அந்தக் கணத்து வேகத்துக்கு "வகைக்கெழு" என்று பெயர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தேவை வந்த பிறகு வரும் பெயர் மனதில் தங்கும்.

வகுப்பை இங்கே முடித்துவிடாதீர்கள். 13.86ஐ அப்போதிருந்த 400ஆல் வகுக்கச் சொல்லுங்கள்: 0.0347. 20ஆவது நிமிடத்துக்கும் இதேபோல் செய்தால் 6.93ஐ 200ஆல் வகுக்க வேண்டும். மறுபடியும் 0.0347! வளர்ச்சி வேகம் இருக்கும் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்ற வகைக்கெழுச் சமன்பாட்டை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த 0.0347 என்பது 0.693ஐ 20ஆல் வகுத்தால் கிடைப்பது, 0.693 என்பது 2இன் இயல் மடக்கை. செல் எண்ணிக்கைகளின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், அதன் சாய்வும் இதே 0.0347தான். ஆய்வகத்தில் மடக்கை வரைபடம் ஏன் போடச் சொல்கிறார்கள் என்பது பலருக்கும் அன்றுதான் புரிகிறது.

படி 3: அலகு இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை

இந்த விதியில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. 13.86 என்று எழுதினால் போதாது, நிமிடத்துக்கு 13.86 செல்கள் என்று எழுத வேண்டும். 0.0347க்கு அலகு வேறு, அது "நிமிடத்துக்கு" மட்டும்தான். இரண்டையும் ஒன்றென நினைப்பவர்களுக்கு வித்தியாசத்தை அலகே காட்டிக்கொடுக்கும்.

சங்கிலி விதியையும் அலகை வைத்தே சொல்லித்தரலாம். ஒரு பூச்சியின் வளர்ச்சி வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது; வெப்பநிலை நேரத்தைப் பொறுத்தது. ஒரு டிகிரிக்கு வளர்ச்சி வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டிகிரி மாறுகிறது என்பதால் பெருக்குங்கள். டிகிரி அடிபட்டுப்போய், மணிக்கு எவ்வளவு மாறுகிறது என்பது நிற்கும். விதி அவ்வளவுதான்.

மற்ற வகையிடல் விதிகளுக்கு, அதாவது வகைக்கெழு காணும் விதிகளுக்கு, இரண்டு வாரம் போதும். அடுக்கு, பெருக்கல், வகுத்தல், அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை, அதோடு உடலில் நாள்தோறும் நிகழும் ஏற்ற இறக்கங்களுக்காக சைன், கொசைன். சிக்கலான முக்கோணவியல் கணக்குகளை நான் எடுத்துவிட்டேன்.

படி 4: வேகம் குறைவது வேறு, அளவு குறைவது வேறு

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

1838இல் பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் முன்வைத்த லாஜிஸ்டிக் வளர்ச்சியை, அதாவது சூழல் தாங்கும் அளவை நெருங்க நெருங்கத் தணியும் வளர்ச்சியை, எடுத்துக்கொள்வோம். சூழல் தாங்கக்கூடிய எண்ணிக்கை 1000, வளர்ச்சி மாறிலி நாளுக்கு 0.1. வேகம் = 0.1 × எண்ணிக்கை × (1 − எண்ணிக்கை ÷ 1000). மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்:

எண்ணிக்கை 100: நாளுக்கு 9
எண்ணிக்கை 500: நாளுக்கு 25
எண்ணிக்கை 900: நாளுக்கு 9
எண்ணிக்கை 1000: 0

"500லிருந்து 900க்குப் போகும்போது வேகம் 25லிருந்து 9ஆகக் குறைகிறது. அப்படியானால் கூட்டம் சுருங்குகிறதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று சொல்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைத் திருத்தாமல், இரண்டு வரைபடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள்: மேலே நேரத்துக்கு எதிராக எண்ணிக்கை, கீழே நேரத்துக்கு எதிராக வேகம். கீழ்க்கோடு பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் வரை மேல்கோடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். கீழே உச்சி வரும் இடத்தில் மேல்கோடு வளையும் திசை மட்டும் மாறும். இந்த இரட்டை வரைபடத்தை ஒவ்வொருவரும் கையால் வரைய வேண்டும். திரையில் காட்டினால் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

உச்ச வேகம் சரிபாதியில், அதாவது 500இல் வருகிறது என்பதை வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்திக் காட்டலாம். எவ்வளவு மீன் பிடித்தால் வளம் குன்றாது என்ற கணக்கின் எளிய வடிவம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

லாஜிஸ்டிக் சமன்பாட்டின் தீர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லி மாணவர்களை வதைக்க வேண்டாம். தீர்வைக் கொடுத்துவிட்டு, வகையிட்டுச் சரிபார்க்கச் சொன்னால் போதும்.

படி 5: தொகையிடலுக்கு ரத்தத்தில் உள்ள மருந்து

"எதிர் வகைக்கெழு" என்று தொடங்க வேண்டாம். நரம்பு வழியே மருந்து செலுத்தப்பட்ட ஒருவரின் ரத்தத்தில் அதன் அளவு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 8 மி.கி., பிறகு 4, 2, 1. ஆறு மணி நேரத்தில் உடல் மொத்தம் எவ்வளவு மருந்தை எதிர்கொண்டது? மருந்தியலில் இதை வளைகோட்டின் கீழ்ப் பரப்பாக அளக்கிறார்கள்.

புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து சரிவகங்களின் பரப்பைக் கூட்டினால் 12 + 6 + 3 = 21. மணிக்கு ஒரு புள்ளி எடுத்தால் 20.4. தொகையிட்டால் 20.2. சரிவகம் ஏன் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது என்று கேளுங்கள். கோடு, குழிந்த வளைவுக்கு மேலே போவதைப் படத்தில் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பரப்பின் அலகு மி.கி. × மணி ÷ லிட்டர். விசித்திரமாகத் தெரியும். செலுத்திய மொத்த மி.கி.யை, மருந்து முழுதும் வெளியேறும் வரையிலான மொத்தப் பரப்பால் வகுக்கச் சொல்லுங்கள். மணிக்கு இத்தனை லிட்டர் என்று வரும். உடல் ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் ரத்தத்திலிருந்து மருந்தை முழுதாக நீக்குவதற்குச் சமமான வேலை செய்கிறது என்பதே அதன் பொருள்.

படி 6: தேர்வில் ஒரு கேள்வியாவது சொற்களில் இருக்கட்டும்

நான் தவறாமல் வைக்கும் கேள்வி இது: "நேற்று நோய்த்தொற்று எண்ணிக்கையின் வகைக்கெழு நாளுக்கு 40, இன்று நாளுக்கு 25. கணிதம் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி இரண்டு வரிகளில் விளக்குக." கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. எண்ணிக்கை இன்னும் ஏறுகிறது, ஏறும் வேகம் மட்டும் தணிந்திருக்கிறது என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண். "தொற்று குறைந்துவிட்டது" என்று எழுதியவரை இரட்டை வரைபடத்தோடு மறுநாள் என் அறைக்கு வரச் சொல்கிறேன்.