வார்டன் பொறுப்பேற்கப் போகும் மருமகனுக்கு

மாப்ளே, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த உங்க சபையில் உன்னை சர்ச் வார்டனாக, அதாவது கோயில் சொத்தையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்ததாக அக்கா சொன்னது. நீ அனுப்பின சட்டக் குறிப்புகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டேன். காரைக்குடியில் செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளையாக இருந்தவன், ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.ஐ. கோயிலில் காணிக்கை எண்ணுகிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

தேர்தல் முடிந்ததுமே நீ வார்டன் ஆகிவிடவில்லை. பிஷப்போ அவர் சார்பில் ஆர்ச்டீக்கன் என்கிற மூத்த குருவோ நடத்தும் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதவி. அதுவரை பழைய வார்டன்தான். அந்த இடைவெளியை வீணாக்காதே, பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கு.

என்னைக் கேட்டால் வார்டன் வேலையில் முக்கால்வாசி அந்தப் பட்டியல்தான். கோயிலின் வெள்ளிப் பாத்திரம், குத்துவிளக்கு, நாற்காலி, மேசைத்துணி வரைக்கும் அசையும் பொருளெல்லாம் சட்டப்படி வார்டன்கள் பேரில் நிற்கிறது. விற்கிற உரிமை மட்டும் கிடையாது. சபைக் கமிட்டி சம்மதித்தாலும், ஃபேகல்ட்டி என்கிற திருமண்டல நீதிமன்ற அனுமதி இல்லாமல் எதையும் வெளியேற்றக் கூடாது. இங்கே ஒரு வளவு வீட்டில், அதாவது செட்டியார்களின் பெரிய பொது வீட்டில், பத்துப் புள்ளிக்குப் (குடும்பத்துக்குப்) பங்கு இருக்கும். பித்தளை அண்டாவில் பேர் வெட்டி, சிட்டையிலும் ஏற்றிவைத்த வீட்டில் சண்டை வராது. எழுதிவைக்காத வீட்டுச் சாமான் கடைசியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கு வந்து சேரும்.

ஆகவே, இன்னொரு வார்டனையும் கூட்டிக்கொண்டு (உங்க ஊர் வழக்கம் இரண்டு பேர்தானே) ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார். "வெள்ளிக் கிண்ணம் 1" என்று எழுதியிருந்தால் போதாது. எடை, உயரம், அடியில் உள்ள முத்திரை, எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் கொடுத்தது, எல்லாம் வேண்டும். போட்டோ எடுத்துப் பிரதி ஒன்றைக் கோயிலுக்கு வெளியே வை. கோயிலோடு சேர்ந்து பட்டியலும் எரிந்துபோனால் இன்ஷூரன்ஸ்காரரிடம் எதைக் காட்டுவாய்? காணாத பொருளைக் 'காணவில்லை' என்றே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடு. பழைய வார்டன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கட்டடத்துக்குத் தனியாக ஒரு நோட்டு உண்டு. பழுதுபார்த்தது, மாற்றியது எல்லாம் அதில் ஏற வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கட்டடத்தையும் பொருள்களையும் பார்வையிட்டு அறிக்கை கொடுப்பது உன் கடமை. ஐந்து வருஷத்துக்கொரு முறை ஆர்க்கிடெக்ட் வந்து பார்ப்பார், அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிடாதே. மழை கொட்டும்போது குடையோடு கோயிலைச் சுற்றி வா. தண்ணீர் எங்கே வழிகிறது என்று வெயில் நாளில் தெரியாது. இலையுதிர்ந்து முடிந்ததும் கூரைத் தண்ணீர் வடிகிற தகரவாரியைச் சுத்தம் செய்யச் சொல். கூரை ஈயத்தகட்டைத் திருடுகிறவர்களும் அங்கே உண்டாமே, அதையும் அண்ணாந்து பார்த்துக்கொள்.

காணிக்கையை ஒருத்தர் தனியாக எண்ணவே கூடாது. உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர் எண்ணி, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீயும் உன் சம்சாரமும் எண்ணுவது இரண்டு பேர் கணக்கில் வராது.

ஆராதனையில் யாராவது கலாட்டா செய்தால் அடக்குவதும் வார்டன் பொறுப்பு. அங்கே உள்ள 1860ஆம் வருஷச் சட்டம் ஒன்று ஆளைப் பிடித்துவைக்கவே அதிகாரம் கொடுக்கிறது. அதை நம்பி யார் சட்டையையும் பிடித்துவைக்காதே, மாப்ளே. பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகப் பேசு, முடியாவிட்டால் போலீஸுக்குப் போன் போடு.

சபைக் குருவான ஆயர் மாறிப்போய் அடுத்தவர் வராத மாதங்கள்தான் கஷ்டம். ஆராதனை நடத்த ஆள் தேடுவது வார்டன்கள் தலையில் விழும். ஓய்வுபெற்ற குருமார் பேரையும் போன் நம்பரையும் இப்போதே வாங்கி வை.

நற்கருணைக்கு அப்பமும் திராட்சரசமும் போதிய அளவு இருக்கச் செய்வதையும் வார்டன்களிடம்தான் விட்டிருக்கிறார்கள், ஆயரைக் கேட்டுச் செய்ய வேண்டும். நல்ல கோதுமை மாவு அப்பம், புளித்த திராட்சரசம் என்பது விதி. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கிக்கொள்.