கீமோ சோர்வுக்கு உடற்பயிற்சி: வீட்டிலேயே தொடங்கும் முறை

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்கு வரும் அசதியைப் படாதவர்களிடம் விளக்குவது கஷ்டம். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அது அப்படியே இருக்கும். பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருக்கும். இதற்கு நம் வீடுகளில் எல்லோரும் சொல்லும் ஒரே வைத்தியம், "பேசாம படுத்துக்கோம்மா." நான் கட்டிலைவிட்டு இறங்கினாலே என் மாமியார் பதறிப்போவார். அவர் அக்கறை புரிகிறது. ஆனால் படுத்தே கிடந்தால் தசை குறைகிறது. தசை குறைந்தால் குளியலறைக்குப் போய் வருவதே பெரிய வேலையாகிறது. அதனால் இன்னும் அதிகம் படுக்கிறோம். இந்தச் சுழலை வெட்டத்தான் நடை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 113 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2017-ல் 'ஜாமா ஆன்காலஜி' இதழில் வந்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 11,500 பேருக்கு மேல். புற்றுநோய்ச் சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்தன என்பது அதன் முடிவு. 2022-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும், குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை எடுப்பவர்களுக்குச் சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஏசி (டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த கீமோ), அப்புறம் வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து, கடைசியில் ரேடியேஷன் என்ற வழக்கமான பாதையில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன்.

படி 1: டாக்டரிடம் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

"நடக்கலாமா டாக்டர்?" என்று கேட்டால் "தாராளமா நடங்க" என்று பதில் வரும், அத்தோடு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்: ஹீமோகுளோபின் எவ்வளவு? பிளேட்லெட் எவ்வளவு? எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் எப்படி இருக்கிறது? எலும்பில் பரவல் உண்டா? ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை எவ்வளவு உயரம் தூக்கலாம், எவ்வளவு எடை எடுக்கலாம்? பிக் லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பில் விடும் குழாய்) போட்டிருந்தால் அந்தக் கையைப் பற்றியும் கேளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்திருந்தால் மூச்சிரைப்புக்கு அதுவே காரணமாக இருக்கும், அதை முதலில் கவனிக்க வேண்டும். பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது தடுக்கி விழுந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. ஏசியில் உள்ள டாக்ஸோரூபிசின், சிலருக்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் இரண்டுமே இதயத்தைப் பாதிக்கக்கூடியவை, அதற்காகத்தான் எக்கோ எடுக்கிறார்கள். எலும்பில் பரவியிருந்தால் எந்தப் பயிற்சி கூடாது என்பதை டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும்தான் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

சோர்வு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு எண்ணாகவும் சொல்லுங்கள். "ரொம்ப டயர்டா இருக்கு" என்பதைவிட "நேத்து 5, இன்னிக்கு 8" என்பது டாக்டர் காதில் உடனே விழும். தைராய்டு, தூக்கமின்மை, வலி, மனச்சோர்வு என்று மருந்து கொடுத்துச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் பின்னால் ஒளிந்திருக்கலாம். அவற்றை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பதில் பயனில்லை.

படி 2: நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

ஆப் வேண்டாம். கீமோவால் வரும் மறதியோடும் மந்தத்தோடும் ஆப்பில் கடவுச்சொல் தேடும் பொறுமை யாருக்கும் இருக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். மருந்து ஏறிய நாளை 1 என்று வைத்து 21 வரை கோடு போடுங்கள். தினமும் காலைச் சோர்வு எண், நடந்த நிமிடங்கள், அவ்வளவுதான்.

மூன்று வாரச் சுற்றில் பெரும்பாலானவர்களுக்கு முதல் நான்கைந்து நாள் மோசமாக இருக்கும். ரத்த அணு ஏற்றும் ஊசி போட்டவர்களுக்கு அந்த நாட்களில் இடுப்பு, தொடை எலும்பு வலியும் சேர்ந்துகொள்ளும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில் வெள்ளணு குறைவாக இருக்கும். இந்த நாட்களில் ஜிம், பூங்காக் கூட்டம், கல்யாண வீடு எல்லாவற்றையும் தவிர்த்து வீட்டுக்குள்ளேயே நடங்கள். மூன்றாம் வாரம் கொஞ்சம் மனிதராகத் தெரிவோம். முதல் சுற்றை எழுதிவிட்டால் இரண்டாவது சுற்று எப்படிப் போகும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

படி 3: ஐந்து நிமிடம்

காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. மொட்டை மாடியோ, அபார்ட்மென்ட் வராந்தாவோ, ஹாலோ எதுவானாலும் சரி. வெயில் ஏறும் முன்பு அல்லது இறங்கிய பின்பு. முன்னும் பின்னும் தண்ணீரோ மோரோ குடியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். மோசமான நாட்களில் கட்டிலிலிருந்து வாசல்வரை இரண்டு நடை போதும், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

போய்ச்சேர வேண்டிய இடம் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேர மிதமான நடை. 2019-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பின் தலைமையில் நிபுணர்கள் கூடிச் சொன்ன அளவு இது. குறைந்தது 12 வாரம் தொடர்ந்தால் சோர்வு குறைவதாக ஆதாரம் இருக்கிறது என்றார்கள். அரை மணியை ஒரே தடவையில் நடக்க முடியாவிட்டால் பத்துப் பத்தாக உடைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் "10,000 அடி" என்று மிரட்டும் இலக்கை அணைத்துவிடுங்கள். அந்த எண் நமக்கானது இல்லை.

படி 4: வேகம். இங்கேதான் சிக்கும்

எந்த வலைத்தளத்தைப் பார்த்தாலும் "220-லிருந்து வயதைக் கழியுங்கள், அதில் இத்தனை சதவீதத்தில் இதயத்துடிப்பு இருக்கட்டும்" என்று எழுதியிருக்கும். ஸ்மார்ட் வாட்சும் இதே கணக்கைத்தான் போடுகிறது. கீமோ நேரத்தில் இது வேலைக்கு ஆகாது. ரத்தசோகை இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு ஏறியிருக்கும். வாந்தியில் நீர் வற்றினாலும் ஏறும். காய்ச்சல் தொடங்கும்போதும் ஏறும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கோ நன்றாக இரைக்கும்போதும் எண் ஏறாது. முதல் வாரம் முழுக்க என் கைக்கடிகாரம், ஹாலில் நான்கு சுற்று வந்ததற்கே "தீவிரப் பயிற்சி" என்று பாராட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி அலமாரியில் வைத்த பிறகுதான் நிம்மதி.

அதற்குப் பதில் பேச்சுச் சோதனை. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. அதுதான் மிதமான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். பாடவே முடிகிறதென்றால் கொஞ்சம் கூட்டலாம், கூட்டாவிட்டாலும் பரவாயில்லை. நான் தங்கைக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டே நடப்பேன். "அக்கா, மூச்சு வாங்குது, மெதுவா" என்று அவளே சொல்லிவிடுவாள்.

இன்னொரு பொறி ஸ்டீராய்டு. கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். அந்த நாளும் மறுநாளும் பலருக்குத் தூக்கம் வராது, கைகால் பரபரக்கும், பரண்மேல் உள்ள பாத்திரத்தையெல்லாம் இறக்கிக் கழுவலாமா என்று தோன்றும். அந்தத் தெம்பு மருந்தினுடையது. அதை நம்பி இரட்டிப்பாக நடந்தால் மூன்றாம் நாள் வட்டியோடு வசூலாகிவிடும். நோட்டில் 1, 2 ஆகிய நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டு, எவ்வளவு தெம்பாக இருந்தாலும் குறித்த நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதி வையுங்கள்.

மூன்றாம் வார நல்ல நாட்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். மறுநாள் காலைச் சோர்வு எண் இரண்டு ஏறியிருந்தால் நேற்று அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்; நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். வீட்டு வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துணி துவைத்து, குடத்தில் தண்ணீர் தூக்கி, மாவாட்டிய நாளில் நடைக்கு மிச்சம் அதிகம் இருக்காது. வேலையை வீட்டில் மற்றவர்களிடம் தள்ளிவிட்டு நடையை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி. வீட்டில் சண்டை வரலாம், வரட்டும்.

படி 5: தசைக்கு வாரம் இரண்டு நாள்

நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகு சுவரில் கை வைத்துத் தள்ளுவது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து முறை. பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டம்பெல் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். ரப்பர் பட்டைதான் வேண்டுமென்றால் இருப்பதிலேயே இலகுவானது.

ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைப் பற்றி, "அந்தக் கையால ஒண்ணும் தூக்கக் கூடாது" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். கை வீங்கிவிடுமோ என்ற பயம். கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் ஆய்வு நடத்தி 2009-ல் வெளியிட்டார்கள். மேற்பார்வையில் மெல்ல மெல்ல எடை கூட்டியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. இதில் 'மெல்ல மெல்ல' என்பதுதான் முக்கியம். வீக்கம் இருப்பவர்கள் அழுத்த உறை போட்டுக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் பார்க்கத் தொடங்குங்கள். கை கனத்தாலோ, மோதிரம் இறுகினாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ரேடியேஷன் தொடங்கியதும்

இங்கே சோர்வு வேறு மாதிரி வரும். முதல் வாரம் ஒன்றுமே தெரியாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கடைசி வாரத்தில் உச்சத்துக்குப் போகும், முடிந்த பிறகும் சில வாரம் இருக்கும். அதனால் கடைசி வாரத்தில் நிமிடம் குறைந்தால் பயப்பட வேண்டாம். தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள், அக்குள் உரசக்கூடாது. குளோரின் நீச்சல்குளம் வேண்டாம்.

யோகா பிடித்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். பெங்களூரு எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையமும் சேர்ந்து, ரேடியேஷன் எடுக்கும் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. அதில் யோகா செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்தது, வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களுக்கும் குறைந்தது. அதனால் ஆசனம் வராதவர்கள் கவலைப்பட வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும்

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் நடையாவது ஒன்றாவது, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு, தலைசுற்றல், ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது வலி, புதிதாக எலும்புவலி, எங்கிருந்தாவது ரத்தக்கசிவு: இவற்றில் எது வந்தாலும் அன்று பயிற்சி கிடையாது, உடனே டாக்டரை அழையுங்கள். வாந்தி, பேதி நிற்காத நாளிலும் வேண்டாம்.

அப்டேட் 1: மாத்திரை மட்டும் சாப்பிடும் கட்டத்தில் இருக்கும் சிலர், லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை ஆரம்பித்ததும் காலையில் விரல், முழங்கால் எல்லாம் பிடித்துக்கொள்கிறது, நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கலாம். அந்த மூட்டுவலி நடையாலும் தசைப் பயிற்சியாலும் குறைகிறது. எழுந்தவுடன் வேண்டாம், வெந்நீரில் குளித்து விறைப்பு கொஞ்சம் இளகிய பிறகு தொடங்குங்கள்.

அப்டேட் 2: பாக்லிடாக்சல் எடுக்கும் ஒரு வாசகி, பாதம் மரத்துப்போய் மாடியில் நடக்கும்போது தடுமாறுவதாக எழுதியிருந்தார். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மரத்த பாதத்துக்குத் தரையின் சூடும் தெரியாது, குத்திய கல்லும் தெரியாது. வெறுங்காலோடு மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். ஹவாய் செருப்பும் கழன்று தடுக்கும், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வேண்டும். வீட்டுக்குள் சுவரோரமாக நடங்கள், அல்லது நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் கிடைத்தால் அதற்கு மாறிவிடுங்கள். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக் கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று கவனியுங்கள். மரமரப்பு கூடிக்கொண்டே போனால் அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள்.