குழந்தைக்கு சைக்கிள் சீட்: பார்த்து வாங்கி, மாட்டி, ஓட்டிப் பழகுவது எப்படி?

என் இடது குதிகாலுக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது. ஐந்து வயதில் அப்பச்சியின் (தாத்தாவின்) சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து புளியம்பட்டி சந்தைக்குப் போனபோது வந்தது. வாய்க்கால் பாலத்து மேட்டில் அவர் எழுந்து நின்று மிதித்தார். நான் பிடி தேடி முன்னால் நகர்ந்தேன். கால் பின் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது நினைவில் இருக்கிறது, வலி நினைவில் இல்லை. அதற்கப்புறம் அவர் எந்தக் குழந்தையையும் கேரியரில் ஏற்றியதில்லை.

என் மகளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அங்கன்வாடிக்கு சைக்கிளில் கூட்டிப்போகலாம் என்று பேச்செடுத்தபோது வீட்டில் கேட்டார்கள்: "மூணு பால் கேன் தாங்குற கேரியர், பாப்பாவைத் தாங்காதா?" தாங்கும். ஆனால் பால் கேனுக்குத் தொங்கும் கால் கிடையாது. அது வழியில் தூங்கிவிழாது, ஆட்டுக்குட்டியைக் கண்டதும் ஒரு பக்கம் சாயாது. குழந்தை இது எல்லாம் செய்யும். அதனால் சீட் தேடினேன். தேடும்போது தெரிந்துகொண்டதையும், மாட்டிய பிறகு பழகியதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: குழந்தையை எடை போடுங்கள்

கடைக்குப் போகும் முன் குழந்தையின் வயதையும் எடையையும் பாருங்கள். ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். எந்தச் சாய்மானமும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். தலையில் ஹெல்மெட் போட்டாலும் கழுத்து தளராமல் நிற்க வேண்டும். இது வராத குழந்தைக்கு எந்த சீட்டும் சரிப்படாது. மேடு பள்ளத்தில் தலை ஆடும் ஆட்டத்தை அந்தக் கழுத்து தாங்காது.

எடைக்கு ஓர் அளவு உண்டு. சைக்கிளில் மாட்டும் குழந்தை சீட்டுகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 14344 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். அதன்படி செய்த சீட்டுகளில், பின்னால் மாட்டுபவை பெரும்பாலும் 9 முதல் 22 கிலோ வரைக்கும், முன்னால் மாட்டுபவை 9 முதல் 15 கிலோ வரைக்கும் ஆனவை. நம் ஊரில் ஒரு வயதிலேயே 9 கிலோ தொடாத குழந்தைகள் நிறைய. அவசரப்பட வேண்டாம், இரண்டு மாதம் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு அட்டையில் எழுதித் தருகிறார்களே, அதையே பாருங்கள்.

இரண்டாம் படி: முன்னாலா, பின்னாலா?

இங்கே சைக்கிள் கடைகளில் கண்ணில் படுவது மூன்று வகை. ஹேண்டில் பாரில் தொங்கவிடும் பிரம்புக் கூடை நாற்காலி. நம் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே உள்ள பாரின் மேல் மாட்டும் சின்ன சீட். அப்புறம் பின்னால் மாட்டும், முதுகுச் சாய்மானம் வைத்த முழு சீட்.

கூடை நாற்காலி எனக்கு ஆகவே ஆகாது. குழந்தையின் மொத்த எடையும் ஹேண்டிலில் தொங்குகிறது. குழந்தை ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் சைக்கிளும் அந்தப் பக்கம் திரும்பும். பாதி கூடைகளில் பெல்ட்டே இருக்காது. பார் சீட்டில் குழந்தை நம் இரு கைக்கும் நடுவே இருப்பதால் நமக்கு மனசுக்கு நிம்மதி, அது வேண்டுமானால் உண்மை. ஆனால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை, தூங்கினால் பிடிக்க எதுவும் இல்லை. கால் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின் சக்கரத்தில் கால் மாட்டினால் அந்தக் காலோடு போகும். முன் சக்கரத்தில் மாட்டினால் சக்கரம் சட்டென்று நின்று, சைக்கிளே தலைகுப்புற விழும்.

முன்னால்தான் வேண்டும் என்றால் பெல்ட்டும், காலை மூடும் கிண்ணமும், சாய்மானமும் உள்ள முன் சீட்டாகப் பாருங்கள். 15 கிலோ ஆனதும் கழற்றிவிட வேண்டும். நான் வாங்கியது பின் சீட். முதல்முறை வாங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன். 22 கிலோ வரை, அதாவது ஏறக்குறைய பள்ளிக்கூடம் சேரும் வயது வரை கூடவே வரும்.

மூன்றாம் படி: உங்கள் சைக்கிளை அளந்து பாருங்கள்

பின் சீட்டிலும் இரண்டு வகை. ஒன்று கேரியரின் மேல் உட்காரும். இன்னொன்று கேரியரைத் தொடாமல், நாம் உட்காரும் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் ஒரு கட்டையைப் பூட்டி, அதிலிருந்து வரும் இரண்டு வளைந்த கம்பிகளில் நிற்கும். கம்பிகள் ஸ்பிரிங் போல அசைந்து கொடுப்பதால் வேகத்தடையில் குழந்தைக்கு அடி குறைவு. நம் ஊராட்சி சாலைகளில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கம்பி வகை வாங்குவதானால் குழாய் உருண்டையாக இருக்க வேண்டும். அதன் குறுக்களவு பொதுவாக 28 முதல் 40 மில்லிமீட்டருக்குள் கேட்பார்கள். இதை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 8.8 சென்டிமீட்டருக்கும் 12.6 சென்டிமீட்டருக்கும் நடுவே வந்தால் சரி. அந்த இடத்தில் பிரேக் ஒயர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கட்டை ஒயரை நசுக்கினால் பிரேக் பிடிக்காது.

கேரியர் வகை என்றால் கேரியரின் கால்கள் இரண்டு பக்கமும் பின் சக்கர அச்சுப் பக்கம் வரை இறங்கி நட்டில் பூட்டியிருக்க வேண்டும். புது கியர் சைக்கிள்களில் சீட் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் கேரியர் வருகிறதே, அதில் குழந்தையை வைக்கவே கூடாது. நிறைய கேரியர்களில் எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள், 25 என்பது சாதாரணமாகக் காணும் எண். குழந்தை 14 கிலோ, சீட் 4 கிலோ என்றால் மொத்தம் 18. கணக்கு இடிக்கவில்லை. கார்பன் பிரேம் சைக்கிளாக இருந்தால் தயாரித்தவர்கள் அனுமதித்திருந்தால் ஒழிய எதையும் பூட்டாதீர்கள்.

நான்காம் படி: கடையில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

முதலில் கால். இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். பாதம் உட்காரும் கிண்ணம் ஆழமாக இருக்கிறதா, மேலே வார் இருக்கிறதா, கிண்ணத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அகலமான தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் ஓடாதபோது, குழந்தையின் காலைப் பிடித்து எல்லாப் பக்கமும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கட்டைவிரல் ஒரு சக்கரக் கம்பியையாவது தொட்டால் அந்த சீட் வேண்டாம். முதலில் பார்த்த சீட்டில் வார் போட்ட பிறகும் என் மகளின் குதிகால் பின்பக்கமாக நழுவிக் கம்பி வரை போனது. அப்படியே கடையில் வைத்துவிட்டு வந்தேன். நல்ல சீட் வாங்கினாலும் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலைத் தடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். சேலை, துப்பட்டா மாட்டாமல் இருக்கவும் அது உதவும்.

அடுத்தது பெல்ட். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் போதாது, இரண்டு தோளிலும் வர வேண்டும். பூட்டைக் குழந்தை தானாகத் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். முதுகுச் சாய்மானத்தின் மேல் பகுதியில் ஹெல்மெட்டின் பின்பக்கம் அடங்குமளவு ஒரு குழிவு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஹெல்மெட் தலையை முன்னால் தள்ளி, குழந்தை வழி முழுக்கக் குனிந்தே வரும்.

உங்கள் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் அதற்கு ஓர் உறை போடுங்கள். பின்னால் இருக்கும் குழந்தை பிடித்துக்கொள்ள இடம் தேடினால் விரல் அங்கேதான் போகும். நாம் உட்கார்ந்து எழும்போது ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும்.

பழைய சீட் யாராவது கொடுத்தால் வெயிலில் காய்ந்து பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறதா, பூட்டும் இடத்தில் மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: மாட்டுவது

எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் கொடுத்தேன். சீட்டைப் பார்ப்பதற்கு முன் சைக்கிளைத்தான் பார்த்தார். "அம்மிணி, பிரேக் கட்டை தேஞ்சு போச்சுங்க, மொதல்ல அதை மாத்திக்கலாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பின்னால் 18 கிலோ ஏறினால் நிற்க எடுக்கும் தூரம் கூடிவிடும். டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும்.

இ.என். தர சீட்டின் பக்கத்தில் எடை மையத்தைக் காட்ட ஒரு குறி இருக்கும். அந்தக் குறி பின் சக்கர அச்சுக்கு நேர் மேலேயோ அதற்கு முன்னாலோ வந்தால் நல்லது. பின்னால் போனாலும் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேட்டில் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கம்பி வகையில் சீட்டோடு வரும் கூடுதல் வாரைச் சைக்கிள் பிரேமைச் சுற்றிக் கட்டாயம் கட்டுங்கள். கட்டை எப்போதாவது நழுவினால் சீட்டைப் பிடித்து நிறுத்த அது ஒன்றுதான் இருக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு சீட்டின் தலையைப் பிடித்து பலமாக ஆட்டுங்கள். சைக்கிள் சேர்ந்து ஆட வேண்டும். சீட் மட்டும் தனியாக ஆடினால் இன்னும் முடுக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு நட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

ஆறாம் படி: ஹெல்மெட்

குழந்தையின் நெற்றிக்கு மேலே தலையைச் சுற்றி இஞ்சி டேப்பால் அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். வளர்ந்தபின் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கக் கூடாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், காதுக்குக் கீழே வார்கள் இரண்டும் சேரும் இடம், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். மோட்டார் பைக்கில் 9 மாதம் முதல் 4 வயது வரை குழந்தைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்பு வாரும் கட்டாயம் என்ற மத்திய அரசு விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சைக்கிளை அந்த விதி சேர்க்கவில்லை. ஆனாலும் தார் ரோடு ஒரே ரோடுதானே.

ஏழாம் படி: அரிசிப் பையோடு ஒத்திகை

இதை யாரும் விட்டுவிடாதீர்கள். 10 கிலோ அரிசிப் பையை சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, களத்திலோ கோயில் திடலிலோ அரை மணி நேரம் ஓட்டுங்கள். முதல் சிக்கல் ஏறுவதில் வரும். பின்னால் காலை வீசி ஏறுவது பழகியவர்களுக்கு இனி அது நடக்காது, சீட் குறுக்கே நிற்கும். பார் உள்ள சைக்கிளில் காலை முன்பக்கமாகத்தான் எடுத்துப் போட வேண்டும். லேடீஸ் சைக்கிளில் இந்தத் தொல்லை இல்லை. திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று அரிசிப் பையே சொல்லிக் கொடுத்துவிடும்.

சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு குழந்தையை ஏற்றாதீர்கள். இரண்டு கால் ஸ்டாண்ட் போட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு கை எப்போதும் சைக்கிளில் இருக்கட்டும். பையை எல்லாம் மாட்டிய பிறகு கடைசியாகக் குழந்தை ஏற வேண்டும், இறங்கும்போது குழந்தைதான் முதலில். கதவைத் தட்ட, சில்லறை வாங்க என்று ஒரு நிமிடம் கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. முதுகில் பை மாட்டி ஓட்டினால் அது குழந்தையின் முகத்தில் இடிக்கும், அதனால் பையை முன் கூடையில் போடுங்கள்.

நம்ம ஊர் வெயிலும் காற்றும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உயரமான சாய்மானம் பக்கக் காற்றைப் பாய்மரம் போல வாங்கும். பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் சைக்கிள் ஒரு அடி தள்ளிப்போகும். அந்த மாதங்களில் திறந்த வெளி ரோட்டை விட்டு ஊருக்குள் வீடுகள் மறைக்கும் வழியில் போவது நல்லது. சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த சீட்டின் பூட்டை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள், தொடையில் சுட்டுவிடும். மார்கழிக் காலையில் மிதிக்கும் நமக்கு வேர்க்கும், சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

ரொம்ப தூரம் வைத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் குழந்தையால் ஒரே இடத்தில் இருக்க முடியாது. என் மகள் அங்கன்வாடியில் மதியச் சாப்பாடு முடித்து வரும் நாட்களில் வாய்க்கால் பாலம் வரும்போதே தலை சாயத் தொடங்கிவிடும். அப்போது நான் இறங்கி, ஒரு கை ஹேண்டிலிலும் ஒரு கை அவள் தோளிலுமாக வீடு வரை தள்ளிக்கொண்டே வந்துவிடுவேன். மீதி இருப்பது அரை கிலோமீட்டர்தான்.