சுவான்ஜோவில் சந்தையும் கோயிலும்: நடந்து பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு வீட்டிலேயே, டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடும். சீனாவில் குவாங்ஜோ என்று ஓர் ஊர், சுவான்ஜோ என்று ஓர் ஊர். முன்னது குவாங்டாங் மாகாணத்தின் தலைநகரம். நம் ஆட்கள் சரக்கு எடுக்கப் போவது அங்கேதான். பின்னது ஃபூஜியான் மாகாணக் கடற்கரையில் உள்ள பழைய துறைமுகம். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘க்யூ’வில் தொடங்குவதால் நாம் அதைக் ‘குவான்ஜோ’ என்று படித்துவிடுகிறோம். கேட்கிற சீனர் நம்மை வேறு மாகாணத்துக்கு அனுப்பப் பார்ப்பார். அந்த எழுத்துக்கு அங்கே ‘ச்ச’ ஒலி. எதற்கும் ஊர்ப் பெயரைச் சீன எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் அதையே காட்டிவிடுங்கள்.

சுவான்ஜோவின் பழைய நகரப் பகுதிக்கு லிச்செங் மாவட்டம் என்று பெயர். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் ‘சைத்தூன்’ என்று எழுதியது இந்த ஊரைத்தான். 2021ல் யுனெஸ்கோ இங்கும் சுற்றுவட்டாரத்திலுமாக 22 இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பிறகு கூட்டம் பெருகிவிட்டது. மேற்குத் தெருவில் தொடங்கி, மணிக்கூண்டு, ஜோங்ஷான் சாலை, தூமென் தெரு வழியாகத் தெற்கே ‘மாசு’ என்னும் கடல் தெய்வத்தின் அம்மன் கோயில் வரை போனால் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். ஒரு நாளில் நிதானமாக நடந்துவிடலாம்.

பெரும்பாலானவர்கள் காலையில் கோயில், மதியம் சந்தை என்று திட்டம் போடுகிறார்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். காய்கறி, மீன் சந்தைக்கெல்லாம் உயிர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும்தான். பதினொரு மணிக்குப் போனால் கழுவிவிட்ட ஈரத் தரையும் தூங்கி வழியும் கடைக்காரரும்தான் மிச்சம். விடிகாலையில் போனால் சந்தை முனையில் பெண்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து கடல்சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார்கள். குட்டையான கத்தியைச் சிப்பியின் வாயில் செருகி ஒரு திருகு. சதை கிண்ணத்தில் விழும், ஓடு காலடியில் குவியும். பேசிக்கொண்டேதான் செய்வார்கள், கத்தியைப் பார்ப்பதே இல்லை. படம் எடுக்க ஆசை வந்தால் முதலில் கண்ணைப் பார்த்துச் சிரியுங்கள், அப்புறம் போனைத் தூக்குங்கள்.

சந்தையில் நான் செய்த தவறு எடை விஷயத்தில். லோங்கன் பழத்துக்கு 12 யுவான் என்று அட்டை குத்தி வைத்திருந்தார்கள். கிலோ விலை என்று நினைத்து ஒரு கிலோ போடச் சொல்லிச் சைகை காட்டினேன். 24 யுவான் கேட்டார் அந்த அம்மாள். வெளியூர்க்காரன் என்று ஏமாற்றுகிறார் என்று முகத்தைச் சுளித்தேன். அவர் பொறுமையாக அட்டையைத் திருப்பி, விலைக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை எழுத்தை விரலால் தட்டிக் காட்டினார். ‘ஜின்’. சீனச் சந்தைகளில் விலை பெரும்பாலும் ஜின் கணக்கில்தான். ஒரு ஜின் என்பது 500 கிராம். தேயிலைக் கடையிலும் இதே கதை. பக்கத்து ஆன்ஷி மலைப்பகுதியில் விளையும் தியெகுவான்யின் தேநீரை வாங்கும்போது விலை ஜின்னுக்கா, 50 கிராம் கொண்ட ‘லியாங்’குக்கா என்று கேட்டுக்கொள்ளாமல் தலையாட்டாதீர்கள். கடைக்காரர் உட்கார வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தால் பதறவும் வேண்டாம். அந்த ஊரில் அது வழக்கமான உபசாரம்; இரண்டு சிறு கோப்பை குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்து வரலாம்.

இனி கோயில். மேற்குத் தெருவில் இருக்கும் கையுவான் கோயில் 686ஆம் ஆண்டில் ஒரு முசுக்கட்டைத் தோட்டத்தில் தொடங்கியதாக வரலாறு. அந்த மரத்தில் தாமரை பூத்ததாக ஓர் ஐதீகமும் உண்டு. அதனால் பிரதான மண்டபத்தின் பலகையில் இன்றும் முசுக்கட்டையும் தாமரையும் சேர்ந்த பெயர்தான். வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முற்றத்தில் நின்று, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்லாலான இரண்டு கோபுரங்களையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மண்டபத்தின் முன்னே நின்று ஒரு கும்பிடு. முன்வாசல் வழியாகவே திரும்பிவிடுகிறார்கள்.

நாம் அந்தத் தவறைச் செய்யக் கூடாது. நம் பழக்கப்படி மண்டபத்தை ஒரு சுற்று வலம் வாருங்கள், போதும். பின்தாழ்வாரத்தில் பதினாறு பட்டை கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கும். அருகில் போய்ப் பாருங்கள். வட்டமான சட்டத்துக்குள் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார். இன்னொன்றில் கண்ணன் மருத மரங்களுக்கு இடையே இருக்கிறான். இன்னொன்றில் யானை, கஜேந்திர மோட்சம். புத்தர் கோயிலின் முதுகில் இவை எப்படி வந்தன? ஊரின் தெற்கே இருந்த ஓர் இந்துக் கோயில் இடிந்த பிறகு, மிங் வம்சக் காலத்தில் இந்த மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் அதன் கற்களை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். முன்பக்கத் திண்டின் அடிவரிசையில் இருக்கும் சிங்கப் பலகைகளும் அப்படி வந்தவைதான். நானும் முதல் முறை அவற்றின் மேலே ஏறித்தான் போனேன், குனிந்து பார்க்கவில்லை.

மண்டபத்துக்குள் தலையைத் தூக்கவும் மறக்காதீர்கள். உத்தரத்தைத் தாங்கும் இடங்களில் இறக்கை விரித்த 24 பெண் உருவங்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றின் கையில் இசைக்கருவிகள். ‘நூறு தூண் மண்டபம்’ என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எண்ணினால் 86தான் தேறும். இந்தப் பெயர்க்கணக்கு நமக்குப் புதிதா என்ன, நம் ஆயிரங்கால் மண்டபங்களை யார் எண்ணிப் பார்த்தார்கள்!

இந்தத் தூண்களைப் பார்த்ததும் வருகிற அடுத்த தவறு, வாட்ஸாப்பில் வந்ததை நம்பிப் பேசுவது. ‘சீனாவில் சோழன் கட்டிய கோயில்’ என்று ஒரு படம் வருடா வருடம் சுற்றுகிறது. சுவான்ஜோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு சக வருடம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே சோழர் ஆட்சி முடிந்துவிட்டது. மதுரையில் குலசேகர பாண்டியன் காலம். சீனாவில் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் ஆட்சி. தவச்சக்கரவர்த்தி என்று பட்டம் கொண்ட சம்பந்தப் பெருமாள் என்பவர், ‘செகசைகான்’ என்று கல்வெட்டு அழைக்கும் கானின் உடல்நலத்துக்காக, திருக்கதலீச்சரம் என்ற கோயிலில் சிவனை எழுந்தருளச் செய்தார் என்று அது சொல்கிறது. செய்தது கானின் ‘பர்மான்’படி, அதாவது அரசாணைப்படி. பாரசீகச் சொல் ஒன்று தமிழ் எழுத்தில், சீன மண்ணில். கீழே ஒரு வரி சீன எழுத்து. வேற்று நாட்டில் அரசன் அனுமதியோடு தங்கள் சாமிக்கு ஓர் இடம் அமைத்துக்கொண்ட மனிதர்களின் கதை இது. படையெடுப்புக் கதையைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது.

அந்தக் கல்வெட்டைக் கையுவான் கோயிலில் தேடி அலையாதீர்கள், அங்கே கிடையாது. இந்துச் சிற்பங்களை இன்னும் பார்க்க வேண்டுமானால் டாக்சி பிடித்துக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். யானை சிவலிங்கத்தை வணங்கும் பலகை அங்கே உண்டு. திருவானைக்காவல் கதை தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. திங்கள்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

கோயில் நடைமுறையில் நமக்குக் குழப்பம் தருவது செருப்பு. வாசலில் செருப்பு விடும் இடத்தைத் தேடி நிற்காதீர்கள். பௌத்த, தாவோ கோயில்களில் அணிந்தபடியே போகலாம். ஆனால் நிலைப்படியை மிதிக்கக் கூடாது, காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். நம் ஊரில் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அந்தக் கை பழக்கமும் அங்கே வேண்டாம், பின்னால் வருகிறவர் இடித்துக்கொள்வார். ஊதுபத்தி மூன்று போதும், வெளியே இருக்கும் பெரிய கலயத்தில் குத்துங்கள். சன்னதிக்குள் படம் எடுக்க வேண்டாம்.

மணிக்கூண்டிலிருந்து (1934ல் கட்டியது, வெள்ளையாக நாற்சந்தியில் நிற்கும்) தெற்கே நடந்து தூமென் தெருவுக்கு வந்தால், பழங்காலத் தளபதிகளான குவான் யூவையும் யுவே ஃபெய்யையும் கும்பிடும் கோயில். மாலையிலும் புகை மண்டிக் கிடக்கும். அங்கே பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் போட்டுச் சாமியிடம் கேள்வி கேட்பார்கள். ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்து விழுந்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். பூக்கட்டிப் பார்ப்பது போலத்தான். விளையாட்டுச் சாமான் என்று எடுத்து உருட்டிப் பார்க்காதீர்கள். மண்டியிட்டிருப்பவருக்கு அது மகன் கல்யாண விஷயமாக இருக்கலாம். கூப்பிடு தூரத்தில் 1009ல் தொடங்கிய பள்ளிவாசல். தொழுகைக்கூடத்துக்கு இன்று கூரை இல்லை, அரபிக் கல்வெட்டுகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. புகை வாசனையிலேயே திளைத்துவிட்டு இதைத் தவற விடுகிறவர்கள் அதிகம்.

சாப்பாட்டில் சைவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டிய ஊர். காலைப் பலகாரமான சேமியாக் கூழ் பார்க்கச் சாதுவாக இருக்கும், அடிச்சாறு பன்றி எலும்பு. கண்ணாடி போலப் பளபளக்கும் குட்டி ஜெல்லியைக் கண்டு இனிப்பு என்று வாயில் போடாதீர்கள்; ‘தூசுன்தோங்’ என்பது கடற்புழுவை வேகவைத்து உறைய வைத்தது. அசைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம், பூண்டு, காடிக் கலவையோடு நன்றாகவே இருக்கும். சைவர்களுக்குக் கடற்பாசி ஜெல்லியில் தேன் ஊற்றித் தரும் ‘ஷிஹுவாகாவ்’ இருக்கிறது. ‘வோ ச்சி சூ’ என்றால் நான் சைவம். உச்சரிப்பு காலை வாரும் என்று தோன்றினால் இதையும் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள். இளநீர்க்கடைக்காரர்கூட கியூஆர் அட்டைதான் நீட்டுவார். நோட்டைக் கொடுத்தால் சில்லறைக்கு அலைவார். கூகுள் மேப்பை நம்பி இறங்காதீர்கள். சாலையில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும், எனவே முதலில் இடப்பக்கம் பாருங்கள். மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் நடைபாதையிலும் வரும். அக்டோபர் முதல் வாரம், மே தின விடுமுறை இரண்டிலும் மேற்குத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களிலும் தலை நிறையப் பூ வைத்த பெண்கள் வழியெங்கும் போட்டோவுக்கு நிற்பார்கள். பக்கத்து ஷுன்பு மீனவக் கிராமத்து அலங்காரம் அது. நீங்களும் வைத்துக்கொள்ள விரும்பினால், கேட்கிற விலை பூவுக்கு மட்டுமா, உடையும் படமும் சேர்த்தா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

தெற்கே கடைசியாக மாசு அம்மன் கோயில், 1196ல் எழுந்தது. கடலோடிகளின் காவல் தெய்வம். கால் வலிக்கும் நேரம் அது, முன் மண்டபத்தோடு திரும்பத் தோன்றும். பின்னால் இருக்கும் மண்டபம் வரை போங்கள். அங்கேயும் பதினாறு பட்டையில் இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன.