எஸ்டிஎல் கோப்பிலிருந்து சிஎன்சி மில்லிங்குக்கு: ஒரு மோட்டார் பிராக்கெட்டை முன்வைத்து

முப்பரிமாண அச்சுக்காக இணையத்தில் பகிரப்படும் பாகங்கள் பெரும்பாலும் எஸ்டிஎல் கோப்புகளாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சிஎன்சி மில்லிங்கில், அதாவது கணினி கட்டுப்பாட்டில் சுழலும் வெட்டுக்கருவியால், அலுமினியத்தில் வெட்டியெடுக்க விரும்புபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கோப்பில் துளை என்றோ உருளை என்றோ எதுவும் இல்லை என்பதுதான். 1987 வாக்கில் ஸ்டீரியோலித்தோகிராஃபி (ஒளியால் பிசினை இறுகவைத்து அச்சிடும் முறை) இயந்திரங்களுக்காக உருவான அந்த வடிவத்தில் முக்கோணங்களின் முனைகளும் அவை நோக்கும் திசைகளும் மட்டுமே பதிவாகின்றன, அலகுகூடக் கிடையாது. நேமா 17 என்ற தர அளவுள்ள, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரைத் தாங்கும் ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொண்டு, ஃப்ரீகேட் மென்பொருளில் அதை எவ்வாறு தயார் செய்வது என்று இங்கே பார்ப்போம்.

வேலையைத் தொடங்குமுன், கோப்பைப் பகிர்ந்தவரிடம் ஸ்டெப் கோப்பு (துளை, உருளை போன்ற உண்மையான வடிவங்களைப் பதிவுசெய்யும் கோப்பு) இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பலர் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கிடைத்துவிட்டால் கீழே வருவனவற்றில் பாதி தேவைப்படாது.

கோப்பை இறக்கியதும் அளவைச் சரிபார்க்க வேண்டும். ஃப்ரீகேட் எஸ்டிஎல் எண்களை மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்ளும். நேமா 17 மோட்டாரின் திருகுத் துளைகளுக்கிடையே மையத்துக்கு மையம் 31 மி.மீ. இருக்க வேண்டும் என்பதால், அதை அளந்தாலே உண்மை தெரிந்துவிடும்: 1.22 என்று காட்டினால் கோப்பு அங்குலத்தில் எழுதப்பட்டது, 25.4 மடங்கு பெரிதாக்க வேண்டும். வெளிவிளிம்பை மட்டும் அளந்து திருப்தியடைய வேண்டாம். வரைந்தவர் விளிம்பை விருப்பம்போல் வைத்திருக்கலாம், மோட்டாரின் துளைகளை அப்படி வைக்க முடியாது.

அடுத்தது பழுதுபார்த்தல். ஃப்ரீகேடில் மெஷ், அதாவது முக்கோண வலை, சார்ந்த கட்டளைகள் அடங்கிய மெஷ் பணிமேடையில் உள்ள மதிப்பிட்டுப் பழுதுபார்க்கும் கட்டளை, இரட்டிப்பாகப் பதிவான முக்கோணங்களையும், தலைகீழாகத் திரும்பிய முக்கோணங்களையும், ஒன்றையொன்று ஊடுருவும் பரப்புகளையும் காட்டும். முதல் இரண்டையும் தானியங்கிப் பழுதுபார்ப்பிடம் விட்டுவிடலாம். மூன்றாவதில் எச்சரிக்கை தேவை, ஏனெனில் அந்தத் திருத்தம் சில சமயம் வேண்டிய சுவரையும் சேர்த்து நீக்கிவிடும். மூலக் கோப்பின் நகலை வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள்.

இதற்குப் பிறகுதான் பலர் வழி தவறுகிறார்கள். பார்ட் பணிமேடையில் மெஷ்ஷிலிருந்து வடிவத்தை உருவாக்கி, அதைத் திண்மமாக மாற்றி, ரிஃபைன் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ரிஃபைன் கட்டளை ஒரே தளத்தில் கிடக்கும் முக்கோணங்களை ஒரே முகமாக இணைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வளைந்த சுவர் பட்டைபட்டையாகவே நிற்கும். மோட்டாரின் முகப்பில் உள்ள வட்ட மேட்டின் விட்டம் 22 மி.மீ. அதற்கான துளை எஸ்டிஎல் கோப்பில் 32 பக்கப் பலகோணமாக இருந்தால், முனைகள் 22 மி.மீ. வட்டத்தின்மேல் இருந்தாலும், எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 21.89 மி.மீ. மட்டுமே இருக்கும். சற்று இளகிக்கொடுக்கும் பிளாஸ்டிக்கில் மோட்டார் அழுத்தினால் நுழைந்துவிடும், அலுமினியத்தில் நுழையாது. தவிரவும், அதைத் துளையாக அடையாளம் காணாத சிஎன்சி நிரலாக்க மென்பொருளில் துளையிடும் சுழற்சிகளை (ஆயத்தத் துளையிடும் கட்டளைகளை) எளிதாகப் பயன்படுத்தவும் இயலாது.

ஆகவே தட்டையான முகங்களும் துளைகளும் கொண்ட பாகத்தை மாற்றுவதைவிட மீண்டும் வரைவதே மேல் என்பது என் கருத்து. மாற்றிய வடிவத்தைத் தூக்கியெறிய வேண்டாம், அதன்மேல் வைத்து வரையலாம். பிராக்கெட்டின் முகத்தில் ஒரு ஸ்கெட்சை (தட்டை வரைபடத்தை) தொடங்கி, மாற்றிய வடிவத்தின் முனைகளை வெளி வடிவவியலாக (ஸ்கெட்சுக்கு வெளியிலிருந்து வரும் குறிப்புப் புள்ளிகளாக) எடுத்துக்கொண்டு, ஒரு துளையின் சுற்றளவில் தொலைவாக உள்ள மூன்று முனைகள் வழியாக வட்டம் வரையுங்கள். முனைகளைத்தான் எடுக்க வேண்டும். விளிம்பின் நடுப்புள்ளிகள் உண்மையான வட்டத்துக்கு உள்ளே கிடக்கின்றன. மையம் கிடைத்ததும் அளந்த எண்ணை அப்படியே ஏற்காமல், வடிவமைப்பாளர் எண்ணியிருக்கக்கூடிய எண்ணை இடுங்கள்: 30.97 என்றால் 31.

அச்சுக்காக மட்டுமே சேர்க்கப்பட்டவற்றை இந்தக் கட்டத்தில் நீக்கிவிட வேண்டும். கிடைமட்டத் துளைகளைக் கண்ணீர்த்துளி வடிவில் வரைந்திருப்பார்கள். திருகுத்தலைக் குழிக்கு அடியில் துளையை மூடும் 0.2 மி.மீ. மெல்லிய தோல் இருக்கக்கூடும். எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) திருகின் துளையை, அச்சில் சுருங்கும் என்று கருதி, வழக்கமான 3.4 மி.மீ.ஐவிடப் பெரிதாக வைத்திருப்பார்கள். உள்மூலைகள் கூர்மையாக இருக்கும், அதை எந்த எண்ட்மில்லாலும் (சுழலும் உருளை வடிவ வெட்டுக்கருவியாலும்) வெட்ட முடியாது. 6 மி.மீ. எண்ட்மில் பயன்படுத்துவதாக இருந்தால் மூலைக்கு 3 மி.மீ. ரேடியஸ் குறைந்தபட்சம் வேண்டும், 3.5 கொடுத்தால் டூல் மூலையில் திணறாமல் வளைந்து செல்லும், வெட்டின் ஓசையும் சீராக இருக்கும்.

வரைந்து முடித்ததும் புதிய திண்மத்தைப் பழைய மெஷ்ஷின்மேல் வேறு நிறத்தில், பாதி ஊடுருவித் தெரியும்படி வைத்துப் பாருங்கள். விடுபட்ட மேடோ குழியோ உடனே கண்ணில் படும்.

புடைப்புச் சித்திரம், முகச் சிலை போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே மீண்டும் வரைய எதுவும் இல்லை. மெஷ்ஷை அப்படியே முப்பரிமாண டூல்பாத்துக்கு (வெட்டுக்கருவி செல்லும் பாதைக்கு) கொடுக்கலாம். முக்கோணங்கள் அளவுக்கு மீறி இருந்தால் மெஷ்லேப் மென்பொருளில், வடிவம் கெடாமல் எண்ணிக்கையைக் குறைக்கும் குவாட்ரிக் முறையில் குறைத்து, பிறகு ஹாஸ்டார்ஃப் தொலைவை (இரு மெஷ்களுக்கு இடையிலான மிகப்பெரிய விலகலை) அளந்து, டூல்பாத் டாலரன்ஸைவிட (அனுமதிக்கப்பட்ட பிழையளவைவிட) விலகல் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். 6 மி.மீ. பால்நோஸ் கட்டரை (நுனி அரைக்கோளமாக உள்ள வெட்டுக்கருவியை) 0.3 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால், தட்டையான இடத்தில் எஞ்சும் வரப்பின் உயரம் 0.004 மி.மீ.க்கும் குறைவு. ஆனால் மெஷ்ஷின் பட்டைகள் 0.05 மி.மீ. விலகியிருந்தால், அந்த நெருக்கமான ஓட்டம் பட்டைகளைத்தான் பளபளப்பாக வெட்டிக் கொடுக்கும்.

பிராக்கெட்டுக்குத் திரும்பினால், எஞ்சியவை இரண்டு. வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடிக்கும் திசைக்கேற்பப் பாகத்தைத் திருப்பி, மேல்முகத்தின் ஒரு மூலையைப் பூச்சியப் புள்ளியாக வைத்து, ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். மரை போட வேண்டிய எம்3 துளைகளில் மரையை வரையாமல் 2.5 மி.மீ. துளையாக விட்டு, எது மரைத்துளை, எது கடந்துபோகும் துளை, 22 மி.மீ. துளைக்கு எவ்வளவு டாலரன்ஸ் என்பவற்றைத் தனி வரைபடத் தாளில் எழுதிக் கோப்புடன் சேர்த்துக் கொடுங்கள். இயந்திரத்தை இயக்குபவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.