நெல்லு ட்ரயல் போடுறீங்களா, மொதல்ல மடை எந்தப் பக்கம்னு பாருங்க

நாலு நெல்லு ரகத்தை ஒரே வயல்ல போட்டு எது கூட விளையுதுன்னு பாக்கணும்னு வச்சுக்கிருவோம். கணக்கு அறுப்புக்கப்புறம்னு நெனைக்காதீங்க, நாத்து பறிக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருது. நம்ம மேலூர் பக்கம் வாய்க்காப் பாசன வயல்ல மடைகிட்ட பயிர் கருகருன்னு நிக்கும், கடைசி வரப்புகிட்ட வெளிறிப் போயிருக்கும், பாத்திருப்பீங்க. நான் மொதத் தடவ பிளாக்கை (நாலு ரகமும் ஒவ்வொரு தடவ வர்ற பாத்திக் கூட்டம்) மடையில இருந்து கடைசி வரைக்கும் நீளவாக்குல போட்டுட்டேன். மடைகிட்ட விழுந்த ரகம் ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சுச்சு, அது ரகமா தண்ணியான்னு பிரிக்கவே முடியல, ஒரு போகம் உழைப்பு போச்சு.

அதனால பிளாக்கை வாய்க்காலுக்கு இணையா குறுக்க போடுங்க, ஒரு பிளாக்குல உள்ள நாலு பாத்தியும் மடையில இருந்து ஒரே தூரத்துல இருக்கணும். அந்த மாதிரி அஞ்சு பிளாக், மொத்தம் 20 பாத்தி. நெலம் எங்கயும் ஒரே சீரா இருக்காதுங்கிறதுக்காகத்தான் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1920கள்ல இங்கிலாந்துல ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல இருந்தப்போ இந்த முறையக் கொண்டாந்தாரு. எந்தப் பாத்திக்கு எந்த ரகம்னு ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியா சீட்டு குலுக்குங்க, மொதப் பிளாக்குல வந்த வரிசையவே அஞ்சுக்கும் போட்டுறாதீங்க.

அறுக்கும்போது ஓர வரிசைய மொதல்ல அறுத்து ஒதுக்கிட்டு உள்ள இருக்கிறத மட்டும் எடை போடுங்க, ஓரத்துப் பயிருக்கு வெயிலும் எடமும் கூட கெடைக்கும்ல. ஈரப்பதத்தையும் அப்பவே மீட்டர்ல பாத்துருங்க. 20 சதவீத ஈரத்துல 12 கிலோன்னா எல்லாப் பாத்தியையும் ஒரே ஈரத்துல ஒப்பிட 14 சதவீதத்துக்கு மாத்தணும், 12ஐ 80ஆல (100ல 20 போக) பெருக்கி 86ஆல (100ல 14 போக) வகுங்க, 11.16 கிலோ வரும்.

இப்ப எக்செல். ரகம் வரிசையில, பிளாக் பத்தியில. மெனுவுல 'டூ ஃபேக்டர் வித்தவுட் ரெப்ளிகேஷன்' அனோவாவ (ரகத்தால வந்த வித்தியாசத்தையும் பிளாக்கால வந்ததையும் பிரிச்சுக் காட்டுற கணக்கு) எடுங்க. நாமதான் ஒவ்வொரு ரகத்தையும் அஞ்சு தடவ, அதாவது அஞ்சு ரெப்ளிகேஷன் போட்டிருக்கமே, ஏன் வித்தவுட்னு கொழம்புவாங்க, ஒரு ரகம் ஒரு பிளாக்குல ஒரே தடவதான் வருதுல்ல, அதனாலதான். எரர் டிஎஃப் (டிகிரி ஆஃப் ஃப்ரீடம்; ரகத்துல ஒண்ணு கொறச்சா 3, பிளாக்குல ஒண்ணு கொறச்சா 4, ரெண்டையும் பெருக்குனது) 12 வரணும், வரலன்னா டேட்டா எங்கயோ தப்பா ஏறியிருக்கு.

ரகத்தோட எஃப் வேல்யூ சிக்னிஃபிகன்ட்டா இருந்தா (அதோட பி வேல்யூ 0.05க்குக் கீழ வந்தா) மட்டும் சிடி போடுங்க, அதான் கிரிட்டிக்கல் டிஃபரன்ஸ், ரெண்டு சராசரிக்கு நடுவுல வித்தியாசம் நெசம்னு சொல்ல தாண்ட வேண்டிய அளவு. எரர் எம்எஸ் (அனோவா டேபிள்ல எரர் வரிசையில உள்ள மீன் ஸ்கொயர்) 0.16ன்னா அத ரெண்டால பெருக்கி பிளாக் எண்ணிக்கையான அஞ்சால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.253, அத டி டேபிள்ல 12 டிஎஃப், 5 சதவீதத்துக்கு உள்ள 2.179ஆல பெருக்குனா 0.55 கிலோ. ஒரு ரகம் சராசரி 11.4, இன்னொன்னு 11.0ன்னா வித்தியாசம் 0.4தான், சிடியத் தாண்டல, ரெண்டுக்கும் பக்கத்துல a மாதிரி ஒரே எழுத்துப் போட்டு டேபிள்ல எழுதுங்க, வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியாதுன்னு அர்த்தம்.